ஜோடிப் படத்தில் ஒருவர்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் அவருக்குப் பிடிக்காது. ஓடுவதை நிறுத்தி, அதிலிருந்து ஒன்றைக் கழற்றிவிட்டு, புதிதாக ஒன்றைப் பொருத்தி, பிறகு அது ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சாரியில் அவருடைய போட்டோ ஸ்டுடியோவும் என்னுடைய கண்ணாடிச் சட்டக் கடையும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தன. அவர் பிரிண்ட் போடுவார், நான் சட்டம் போடுவேன். எண்பதுகளில் அந்த வட்டாரத்து வீட்டுச் சுவர்களில் தொங்கிய படங்களில் பாதிக்கு மேல் எங்கள் இரண்டு பேர் கையும் பட்டவைதான்.

ஆள் ஒல்லி. மருந்துத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனிகள் பழுப்பேறியிருக்கும். பக்கத்தில் வந்தால் காடி வாசனை அடிக்கும். யாரைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். முதல் தடவை வருகிறவர்கள் சட்டையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக் குனிந்து பார்த்துக்கொள்வார்கள். என்னை ‘பாய்’ என்பார். நான் ‘அண்ணா’ என்பேன். அவருடைய மனைவி ஒருநாள் என் கடையில் நின்று சொன்னார்: “எங்க வூட்டுல, கொழம்பு நல்லா இருக்குதுன்னு அவரு சொன்னா எனக்குக் கைகாலு ஒதறுதுங்க பாய். மறுநாளு வேற மொளகாத்தூளு வாங்கினு வந்து நிப்பாரு.”

அவரிடம் ஒரு மொபெட் இருந்தது. ஒழுங்காக ஓடிய வண்டி. ஓசூரில் பழைய சாமான் கடையில் வேறொரு கம்பெனியின் கார்ப்பரேட்டர் கிடைத்தது என்று அதில் மாட்டினார். வண்டி முன்னைவிட வேகமாகப் பறந்தது. ஆனால் அணைத்தால் திரும்பக் கிளம்பாது. கடைக்கு வந்ததும் என்ஜினை அணைக்காமல் அப்படியே ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு உள்ளே போய் ஆளைப் படமெடுப்பார். தெருவெல்லாம் புகை. பழையதைத் திரும்ப மாட்டிவிடக் கூடாதா என்று கேட்டேன்.

“அத அன்னைக்கே காயலான் கடைல போட்டுட்டேன் பாய். பழசு கைல இருந்தா மனசு அங்கயே போவும். அதான் மொதல்ல அதத் தொலச்சுடறது” என்றார். நான் சிரித்துக்கொண்டே போய்விட்டேன்.

இந்த வியாதிக்குத் தீனி போட பெங்களூரிலிருந்து ஒரு ஏஜெண்ட் வருவார். போட்டோ சாமான் விற்கிறவர். அவருடைய தோல் பையில் கடைகளுக்கு இன்னும் வராத சரக்கு இருக்கும். “நோடி சார், மார்க்கெட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி உங்க கைக்குத்தான் வருது. சும்மா ஒரு தடவ போட்டு நோடி” என்று பாதிக் கன்னடத்தில் பேசி சாம்பிளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போவார். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் அதை வாங்கி ஒரு மூலையில் போடுவார்கள். இவர் அன்று மாலையே பிரித்துவிடுவார். ஒரு தடவை படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜருக்குப் புது பல்பு வந்தது. வெளிச்சம் அருமை. அந்தச் சூட்டில் நெகட்டிவ் வளைந்துகொண்டது. வளையாமலிருக்க இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்தார். பிரிண்டில் தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல் வட்டம் வட்டமாக விழுந்தது. கண்ணாடியை மாற்றினார். வட்டம் போய்ப் புள்ளி வந்தது. ஒரு மாதம் முழுக்க எந்தப் படமும் உருப்படியாக வெளியே வரவில்லை. மனிதர் மாப்பிள்ளைபோல் வளைய வந்தார். அவர் வாயில் ஒரே பேச்சுதான்: “எது எதோட ஒத்துப் போவலன்னு பாக்கணும் பாய்.”

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஜோடிப் படம். புருஷன் செத்திருப்பான், இருவரும் சேர்ந்து எடுத்த படம் ஒன்றுகூட இருக்காது. எங்கிருந்தாவது அவனுடைய கசங்கிய படம் ஒன்றைக் கொண்டுவருவார்கள். இவர் அதைப் பெரிதாக்கி, மனைவியை ஸ்டுடியோவில் உட்காரவைத்துப் படமெடுத்து, இரண்டையும் ஒரே பிரிண்டில் ஒட்டியது தெரியாத மாதிரி ஒட்டவைப்பார். செத்தவர் படம் எப்போதும் மங்கலாகத்தான் வரும். அதனால் அவர் முகத்தை மெல்லிய பிரஷ்ஷால் கறுப்புச் சாயமும் வெள்ளைச் சாயமும் வைத்து முழுக்கத் தீட்டிவிடுவார். உயிரோடிருப்பவர் முகம் புது நெகட்டிவிலிருந்து வருவது. அதில் சாயமே வேண்டியிருக்காது. “உசுரோட இருக்கறவங்கள நான் தொட மாட்டேன் பாய்” என்று அவரே பெருமையாகச் சொல்வார்.

எங்கள் வீட்டில் சுவரில் ஆள் படம் மாட்டுகிற வழக்கம் கிடையாது. ஊரில் உள்ளவர்களின் பெரியவர்களையும் சாமிகளையும் நான் சட்டம் போட்டுக் கொடுப்பேன். என் சுவர் வெறுமையாக இருக்கும். அதனால் படத்தை வைத்து வருகிற பயம் என்னைத் தொடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஏஜெண்ட் ஒருமுறை இரண்டு சாம்பிள் ஒன்றாகக் கொண்டுவந்தார். ஒன்று, பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட புதுப் பேப்பர். இன்னொன்று, படம் மங்காமல் நிற்கப் போடுகிற ஹைப்போவில் ஒரு புது ரகம். இரண்டுமே நல்ல சரக்கு. பிரிண்ட் பளபளவென்று வந்தது, கொடியில் போட்டதும் உலர்ந்தது. ஏஜெண்டிடம் சொல்லி மொத்தமாக வரவழைத்தார். கையிலிருந்த பழைய பேப்பர் பெட்டிகளையும் பழைய ஹைப்போவையும் அரூர் ஸ்டுடியோக்காரர் ஒருவருக்குக் கொடுத்துத் தொலைத்துவிட்டார். அந்த மழைக்காலத்தில் நான் போட்ட சட்டமெல்லாம் அந்தப் புதுப் பிரிண்டுக்குத்தான்.

பொங்கல் கழிந்து இண்டூரிலிருந்து ஒரு விவசாயி கித்தான் பையில் ஒரு படத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய அப்பா அம்மா படம். அப்பா இறந்து வெகுநாளாகிவிட்டது. அம்மா இருக்கிறார். படத்தை வாங்கி என் மேஜைமேல் வைத்தேன். அப்பா நேற்று வந்து உட்கார்ந்தவர்போல் தெளிவாக இருந்தார். பக்கத்தில் அம்மா இருந்த இடத்தில் டீக்கறைபோல ஒரு பழுப்பு. உற்றுப் பார்த்தால் கண் இரண்டும் மூக்குத்தியும் தெரிந்தன.

“அம்மா மட்டும் போயிகினே இருக்குதுங்க. அப்பன் அப்படியே இருக்குது” என்றார் அந்த மனிதர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

ஸ்டுடியோக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். “சாயம் நிக்குது. போட்டோ போவுது” என்றார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

மாசியில் அந்த இண்டூர் அம்மா இறந்துபோனார். மூச்சிரைப்பு, வயதும் ஆகிவிட்டது. ஆனால் யார் கேட்கிறார்கள்? அதற்குள் இன்னும் சில வீடுகளில் ஜோடிப் படத்தில் உயிரோடிருக்கிறவர் மங்கத் தொடங்கியிருந்தார். செத்தவர்கள் கூப்பிடுகிறார்கள் என்று பஸ்ஸில் பேசினார்கள். சந்தையில் பேசினார்கள். ஸ்டுடியோ வாசலில் படமெடுக்க வருகிறவர்கள் குறைந்து, படத்தைத் துணியில் மூடி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் கூடினார்கள்.

அவர்களில் ஒருத்திதான் மாரண்டஹள்ளிப் பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தக்காளி மண்டியில் பழம் தரம் பிரிக்கிற வேலை. புருஷன் லாரி கிளீனர். பெங்களூருக்குத் தக்காளி ஏற்றிப்போன வண்டி கவிழ்ந்து போனவன். தீர்த்தமலையில் தாலி கட்டிக்கொண்டவர்கள், அங்கே படமெடுக்க ஆளில்லை. ஆயுத பூஜையன்று லாரி முன்னால் எல்லோரும் நின்று எடுத்த படம் ஒன்றுதான் அவனுக்கு இருந்தது. அதில் அவன் முகம் புளியங்கொட்டை அளவு. பெரிதாக்கினால் வெறும் கறை.

முந்தின வருஷ மழைக்காலத்தில் அந்தக் கறைமேல் அவர் முகம் தீட்டும்போது இவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். “மூக்கு இன்னும் கொஞ்சம் நீட்டுங்க. மீச அவ்ளோ அடர்த்தி இல்லீங்க. மேல் ஒதட்டுல ஒரு வெட்டு இருக்கும், இங்க, இங்க பாருங்க, சின்னதுல மாடு முட்டினது. சிரிச்சா அது வெள்ளையாவும்.” தன் உதட்டிலேயே விரல் வைத்துக் காட்டினாள். முடிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். “அவரேதாங்க” என்றாள். நான் சட்டம் போட்டுக் கொடுத்தேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள்.

இப்போது திரும்பி வந்தவளின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. படத்தில் அவன் இருந்தான், இவள் பாதி போயிருந்தாள். மாமியார் சொல்லிவிட்டாளாம்: “எம்மவன் ஒண்டியா இருக்க மாட்டாண்டி. ஒன்னத்தான் கூப்புடறான்.” அதிலிருந்து மண்டிக்குப் போவதில்லை. சாப்பாடு செல்வதில்லை. இரண்டு பிள்ளைகளையும் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தாள், பழகட்டும் என்று.

“எனக்கு ஏதாச்சும் ஆயிடுமாங்க?” என்று அவரைக் கேட்டாள்.

“படத்த வெச்சுட்டுப் போம்மா. எது எதோட ஒத்துப் போவலன்னு பாக்கணும்” என்றார் அவர்.

அவள் போனதும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். “அண்ணா, அரூருக்குப் போயி அந்தப் பழைய பேப்பரையும் ஹைப்போவையும் வாங்கினு வந்து இவளுக்கு ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்க. பட்டினி கெடந்தே செத்துடுவா.”

“ஏன்னு தெரியாம பழசுக்குப் போனா, நாளைக்குப் பழசும் போவும் பாய். அப்ப எங்க போவீங்க?”

பிறகு அவரே, “ஒங்க சட்டத்துல ஒட்டற பசைய மாத்தினீங்களா?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. “ஒங்களுக்கு இருக்கற வியாதி எனக்கு இல்லண்ணா” என்றேன். இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாவது நாள் அவரே வந்து அரூருக்குக் கூப்பிட்டார். அந்த ஸ்டுடியோக்காரர் பழைய பேப்பரில் கொஞ்சமும் ஹைப்போவில் ஒரு பொட்டலமும் கொடுத்தார். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் இவர் டெபாசிட் போன வேட்பாளர்போல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணுக்குத்தான் வாங்கியிருக்கிறார் என்று நான் மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஒரே முகத்தை நான்கு பிரிண்டாகப் போட்டுக் கொண்டுவந்தார். பழைய பேப்பர் பழைய ஹைப்போ, பழைய பேப்பர் புது ஹைப்போ, புதுப் பேப்பர் பழைய ஹைப்போ, புதுப் பேப்பர் புது ஹைப்போ. என் கடையின் உள்சுவரில் சாயங்கால வெயில் நன்றாக விழும். அங்கே சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். நான்கிலும் இருந்தது மாரண்டஹள்ளிப் பெண்ணின் முகம்.

“வேற ஆளே கெடைக்கலியாண்ணா?”

“இதுல டச்சிங்கே இல்ல பாய், சாயமே வெக்கல. சுத்தமான நெகட்டிவ்.”

திட்டிக்கொண்டேதான் மாட்டினேன். தினமும் வெயில் இறங்கும் நேரத்தில் வந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். வாரங்கள் போயின. மூன்று முகம் அப்படியே இருந்தன. நான்காவது நெற்றியிலிருந்து போகத் தொடங்கியது. பிறகு கன்னம். பிறகு தோள். கண்கள் மட்டும் கடைசிவரை இருந்து என் கல்லாவையே பார்த்தன. நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பயமெல்லாம் எனக்கில்லை என்று சொன்னேனே, அது அந்த வாரம் போயிற்று.

ஒருநாள் மத்தியானம் அவள் படம் கேட்டு வந்தாள். ஸ்டுடியோ பூட்டியிருந்ததால் என் கடைக்குள் ஏறிவிட்டாள். நான் எழுந்து மறைப்பதற்குள் பார்த்துவிட்டாள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய் நான்காவதன் முன்னால் நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. “என்னைய எதுக்குங்க நாலாப் பண்ணி வெச்சிருக்கீங்க?” என்றாள்.

அந்த நேரம் பார்த்து அவர் சாப்பிட்டுவிட்டு வந்தார். அவளைப் பார்த்ததும் அத்தனை சந்தோஷம். “வாம்மா, வா! கண்டுபுடிச்சிட்டேன். பாரு, பேப்பரு தனியா நல்லது, ஹைப்போ தனியா நல்லது. ரெண்டும் சேந்தாத்தான் ஆவல. பாரு, இந்த ஒண்ணுல மட்டுந்தான் நீ போயிட்ட.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். “அப்போ எனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்றீங்களா?”

“ஒனக்கு ஆவறது ஆவாததெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. போட்டோவுக்கு என்ன ஆவும்னு கேளு, சொல்றேன்.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். இப்பவே இந்தப் பொண்ணுக்குப் பழைய பேப்பரில் ஒன்று போடாவிட்டால் இனி உங்கள் பிரிண்டுக்கு நான் சட்டம் போடமாட்டேன் என்றேன். அவர் டார்க் ரூமுக்குள் போனார். நான் நான்கு படத்தையும் சுவரிலிருந்து இறக்கினேன். அவளுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். பன்னைப் பிய்த்துப் பிய்த்து முழுவதும் சாப்பிட்டாள்.

பழைய பேப்பர், பழைய ஹைப்போ. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தே அவன் முகத்தை மறுபடியும் தீட்டினார். இந்தத் தடவை அவளிடம் எதுவும் கேட்கவில்லை. முடிந்ததும் பழையதை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அவளும் அதுதான் சரி என்பதுபோல் தலையை ஆட்டினாள். அதே சட்டத்தில் புதுசைப் போட்டுக் கொடுத்தேன். இருவரும் தெளிவாக இருந்தார்கள். அவன் முகத்தில் முன்பிருந்த சாயப் பளபளப்புகூட இல்லை, இயற்கையாக இருந்தது. அவர் கைத்திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருதடவை மாரண்டஹள்ளியில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன். தக்காளிக் கூடையை நசுங்க அடுக்கிய ஆளைப் பிடித்து உரக்கத் திட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டும் பக்கத்தில் நின்றன. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. ஊரில் மற்ற வீட்டுப் படங்களும் ஒவ்வொன்றாக மாற்றிப் போடப்பட்டு, பேச்சும் அடங்கியிருந்தது.

அடுத்த வருஷம் மழை விட்ட ஒரு காலையில் அவள் படத்தைத் துணியில் மூடிக் கொண்டுவந்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். துணியை விலக்கினாள். அவள் இருந்தாள், ஒரு மயிர்க்கால்கூட மங்காமல். பக்கத்தில் அவன் சட்டை இருந்தது, காலருக்கு மேலே கழுத்து இருந்தது. அதற்கு மேலே வெளுத்துப்போன ஒரு கறை.

ஸ்டுடியோக்காரர் வந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். “போட்டோ நிக்குது. சாயம் போவுது” என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே மெதுவாகச் சொன்னார்: “பேப்பரும் பழசு, ஹைப்போவும் பழசு. சாயமாச்சும் புதுசா இருக்கட்டுமேன்னு அந்த ஏஜெண்ட் குடுத்தத...”

அவள் அழவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “கூப்புடறாரு கூப்புடறாருன்னு பயந்துகினு இருந்தேங்க. இப்ப கூப்புடவே மாட்டேங்கறாரு.”

அவர் அப்போது இரண்டு கண்ணையும் திறந்து அவளைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் நான் பார்த்த ஒரே தடவை அதுதான். உள்ளே போய் எல்லாப் பெட்டியையும் கவிழ்த்து, தொலைக்க மறந்த ஒரு பழைய சாய டப்பாவை எடுத்து வந்தார். அதே ஸ்டூலைப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். பிரஷ்ஷை நனைத்துக்கொண்டார்.

“சொல்லும்மா. மூக்கு எப்பிடி?”

அவள் வாயைத் திறந்தாள். “நீட்டா...” என்றாள். கறையைப் பார்த்தாள். “நீட்டாத்தாங்க இருந்துச்சு.”

“மீச?”

“நீங்க வரைஞ்சதையேதாங்க பாத்துகினு இருந்தேன். அதுக்கு முந்தி எப்பிடி இருந்தாருன்னு...” கையை உதட்டுக்குக் கொண்டுபோனாள். விரல் ஒரு பக்கம் தொட்டது, அந்தப் பக்கம் போனது, மறுபடி இந்தப் பக்கம் வந்தது. “ஒதட்டுல வெட்டு இருந்துச்சே, அது எந்தப் பக்கம்ங்க?”

அவரைத்தான் கேட்டாள். இரண்டு தடவை தன் கையால் அதைத் தீட்டியவர் அவர். அவர் என்னைப் பார்த்தார். இரண்டு தடவை அந்த முகத்துக்கு மேல் கண்ணாடியைத் துடைத்து வைத்தவன் நான். எனக்கும் தெரியவில்லை.

அவர் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அது காய்ந்தது. மறுபடி நனைத்துக்கொண்டார்.